ஓடும்

லாரன்ஸ் ரோட்டில், சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கம்,
செருப்புக்கடை மாடியில் என் கடை.
கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கர்:
பழைய டிஸ்க் ஓடும்.
இரண்டு வருஷமாக அந்த மூன்று சொல்லுக்கு
யாரும் உரை கேட்கவில்லை.

கேட்டது தாட்சாயணி.
பெரியாஸ்பத்திரி நர்ஸ். இரவு ஷிப்ட் முடிந்து
நேராக வந்திருந்தாள்,
பையில் பெட்டி, பெட்டிக்கு மேல் டிபன் பாக்ஸ்.

"டிஸ்க் ஓடுது."
அப்புறம் என்ன என்றேன்.
"நான்தான் அதுல இல்லை."

உள்ளங்கையை விரித்தாள்.
கறுப்பு மெமரி கார்டு, எட்டு எம்பி,
மேலே ஒட்டிய பிளாஸ்திரியில் அவள் பெயர்.
அதைச் செருக இந்தப் பெட்டியில் வாய் இல்லை.
விற்கும்போது நான் அதைச் சொல்லவில்லை.
நீங்கள் கேட்கவில்லையே என்பது என் கட்சி.

டீ சொல்லிவிட்டு
எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் எடுத்து வைத்தேன்.
உங்களுடையது மூன்றாம் பெட்டியின் முதல் வார்ப்பு,
கிடைப்பதே அபூர்வம்.
இரண்டாம் பெட்டியின் சில்லு நிஜமாகவே உள்ளே இருக்கிறது,
ஒண்டுக்குடித்தனம் மாதிரி.
அடுத்த வார்ப்புகளில் செலவென்று காலி செய்துவிட்டார்கள்.
வேறு சில பெட்டிகள் பழசு மாதிரிப் பேசும்,
மிமிக்ரிதான், நடுவில் குரல் உடையும்,
கடல் வரவேண்டிய இடத்தில் சாம்பல் சதுரம் வரும்.
இன்னும் புதுசில், பழைய ஆட்டம் ஆன்லைனில் கிடைக்கும்,
மறுபடி காசு கட்டினால்.
கார்டுக்கென்று ஒரு அடாப்டர்கூட இருந்ததாம்.
கடலூர் வந்து நான் பார்த்ததில்லை.

"மறுபடியா? என் மனைக்கு நானே
இன்னொரு கிரயப் பத்திரமா?"

கடைப் பையன் ரிச்சர்டு சொன்னான்:
"டிஸ்க் போட்டா படம் வருது.
அதுக்கு மேல கேட்டா பேராசை அக்கா."
டீக்காக ஏறி வந்த கீழ்க்கடை ஜமால்தீன்
தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:
"கால் நுழைஞ்சா செருப்பு சரின்னு
ஒருநாளும் நான் சொன்னதில்ல தம்பி.
நடந்து பாருங்கன்னுதான் சொல்லுவேன்."

என்ன ஆட்டம் என்று கேட்டேன்.
"மீன் பிடிக்கிறது."
துறைமுகத்து ஊரில் டிவியில் மீனா என்று
ரிச்சர்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பாகத்துக்குப் பிரிக்க வைத்திருந்த ஒரு பழைய பெட்டி
ரேக்கின் அடியில் கிடந்தது, மூடியில் விரிசல்.
லென்ஸைத் துடைத்தேன். மஞ்சள் வயரை
இரண்டு தடவை ஆட்டினால்தான் கலர் வந்தது.
கார்டு உள்ளே போனது.
திரையில்:

நாலாம் ஏரி. கெண்டை 212.
29-12-2011. இரவு 11.52.

"மறுநாள் விடியக்காலை தானே புயல்.
எங்க தெருவுக்குக் கரண்ட் வர இருபத்திரண்டு நாள்.
கரண்ட் வந்துச்சு, மெஷின் வரல."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
பேடை வாங்கித் தூண்டிலை வீசினாள்.
முதல் மீன் அறுத்துக்கொண்டு போனது.
இரண்டாவதும்.
ட்ரிப் ஏற்றிப் பழகிய கட்டைவிரல்
அந்தப் பழைய பட்டனை மறக்கவில்லை,
ஒரு நொடி பிந்திப் படித்தது, அவ்வளவுதான்.
மூன்றாவது கெண்டை மேலே வந்தபோது
ஜமால்தீனின் டீ ஆறிப்போயிருந்தது.
213 என்று எழுதியது திரை,
நடுவில் ஒன்றும் நடக்காத மாதிரி.

அபூர்வத்தை வைத்துக்கொண்டு
விரிசல் பெட்டியைக் கொடுத்தேன்,
கூடவே வித்தியாசம் நாலாயிரம்.
எண்ணிப் பார்த்தாள். முந்நூறை எடுத்து
"டெஸ்டிங் சார்ஜ்" என்று மேஜையில் வைத்துவிட்டு
டிபன் பாக்ஸை மறந்து போனாள்.

ரிச்சர்டு மார்க்கரோடு வந்தான், ஸ்டிக்கரைத் திருத்த.
டிஸ்க் ஓடும், கார்டு ஏறாது,
சில டிஸ்க் சில பெட்டியில்,
சிலது ஓடும் ஆனால் திணறும்...
கண்ணாடி போதவில்லை.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு
பிளேடால் கடைசிச் சொல்லை மட்டும் சுரண்டினேன்.
பசை போகவில்லை.
தூசி பிடித்து, மத்தியான வெயிலில்
இன்னும் படிக்க முடிகிறது.