யாருடைய குளிர்காலம்

வரிசையில் நாங்கள் ஏழு பேர்.
புந்தா அரேனாஸில் அன்றைக்குக் காற்று,
தெருமுனைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான்
கடை வரைக்கும் வர முடிந்தது.
வரியில்லா வணிக வளாகம், இரண்டாம் மாடி,
பல்தசாரின் கடை.
ஆளுக்கு ஐயாயிரம் பேசோ முன்பணம்.
ரசீதில் என் எண் நான்கு.
'உப்புக் கதவு, இரண்டாம் பாகம்.
வந்ததும் தரப்படும்.'

முதல் பாகம் முடிந்த இடம் இதுதான்:
துடுப்பை ஊன்றி நின்று ஒரு பெண்
கலங்கரை விளக்கத்தின் கதவைத் தட்டுகிறாள்.
மூன்று தட்டு.
திரையில் ஒரே ஒரு சொல்: காத்திரு.
பதினெட்டு வயது. வேறென்ன வேலை?

குளிர்காலத்தில் வரும் என்றார்கள்.
யாருடைய குளிர்காலம் என்று கேட்டான் நிபால்தோ.
நியாயமான கேள்வி.
விளையாட்டைச் செய்கிறவர்கள் இருப்பது
உலகத்தின் மேல்மாடியில்.
அவர்களுக்குப் பனி கொட்டும்போது
நாங்கள் இங்கே செர்ரி தின்றுகொண்டிருப்போம்.
ஒரு கட்சி ஜூன் என்றது, இன்னொன்று டிசம்பர்.
பந்தயம் ஒரு பெட்டி பீர்.
இரண்டு மாதமும் வந்தன.
பீரை எல்லோரும் சேர்ந்து குடித்தோம்.

பிறகு, மெருகேற்றுகிறோம் என்றார்கள்.
பிறகு ஒரு முன்னோட்டம்: அலை.
வெறும் அலை. பதினோரு விநாடி.
யாஸ்னா அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டி
நுரைக்குள் ஒரு விரல் தெரிகிறது என்றாள்.
நாங்களும் குனிந்து பார்த்தோம். தெரிந்தது.
அப்போதெல்லாம் சொன்னால் தெரியும்.

பிறகு நிறுவனம் கைமாறியது.
இன்னொரு முறை கைமாறியது.
பிறகு ஒன்றுமே சொல்லவில்லை.

நிபால்தோ சால்மன் பண்ணைக்குப் போனான்,
இருபது நாள் கடல், பத்து நாள் கரை.
ஆட்டுக்கறி ஊரில் பிறந்த எலியாசர்
சாந்தியாகோ போய் சைவமாகிவிட்டான்.
யாஸ்னாவும் நானும் கல்யாணம் செய்துகொண்டோம்,
பிரிந்தோம்.
சாமான் பிரித்த அன்று
சோபா எனக்கு, அடுப்பும் நாயும் அவளுக்கு,
ஐந்து நிமிடத்தில் முடிந்தது.
மெமரி கார்டுக்கு இரண்டு மணி நேரம்.
அந்தப் பெண் கதவு முன்னால் நிற்பது
அதற்குள்தானே.
பழைய பதிவை அழிக்காதீர்கள்,
தொடர்ச்சி அங்கிருந்துதான் தொடங்கும் என்று
பெட்டியின் பின்பக்கம் அச்சடித்திருந்தார்களே.
கடைசியில் மாதத்தில் பாதி அவளிடம், பாதி என்னிடம்,
மகளைப் போலவே.
மகளின் பென்சில் டப்பாவில்தான் அது வந்து போகிறது.

ரசீதின் எழுத்தெல்லாம் பறந்துவிட்டது.
வெள்ளைத் துண்டுதான் மிச்சம்.
பல்தசார் இப்போது விற்பது செல்போன் உறை.
எடுத்துக் காட்டினேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"நான்காம் எண்" என்றார்.
எப்படித் தெரிந்தது?
"மற்ற ஆறும் ஏற்கெனவே வந்து போயின."

போன ஞாயிறு சாயங்காலம்
மிலேன்கா பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்தாள்.
பதினொரு வயது அவளுக்கு.
துடுப்பு. கதவு. மூன்று தட்டு. காத்திரு.
"சரி" என்று சொல்லிவிட்டு
எல்லாவற்றையும் ஓடவிட்டபடியே
சாப்பிட வந்துவிட்டாள்.

நாங்கள் யாரும் செய்யாத காரியம்.
அந்தச் சொல்லைப் பார்த்ததும் அணைத்துவிட்டு
வெளியே போய்க்
காத்திருக்கத் தொடங்கியவர்கள் நாங்கள்.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும்.
நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.
கூடத்தில் சத்தம்.
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்,
கதவின் உள்பக்கத்திலிருந்து.
மூன்று முறை. சற்று நேரம் விட்டு, மறுபடியும்.

ஈரக் கையோடு யாஸ்னாவை அழைத்தேன்.
இரவு உடைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.
நிபால்தோ படகில் இருந்தான்.
போனைத் திரைக்கு அருகில் பிடித்தோம்.
அவன் பக்கம் கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும்.
பிறகு, "எப்போதிலிருந்து?" என்றான்.

மிலேன்கா தூங்கிப்போயிருந்தாள்.
புதுத் தேதி அறிவித்திருக்கிறார்களாம்,
யாஸ்னா பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.
குளிர்காலம்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
சோபாவில் மகளின் காலை நகர்த்திவிட்டு உட்கார்ந்து
சத்தத்தைக் கூட்டு என்றாள்.