இருபத்தேழு நிமிடம்

காலை பதினொன்று பத்துக்கு
எங்கள் பால்கனிக்கு வெயில் வரும்.
முப்பத்தேழுக்குப் போய்விடும்.
தாமுவேயில் இவ்வளவு நேரம் தவறாத விருந்தாளி
எனக்குத் தெரிந்து வேறு யாருமில்லை.

இந்தப் பக்கம் பன்னிரண்டு மாடி,
அந்தப் பக்கம் பதினான்கு.
நடுவில், பித்தான் போட மறந்த சட்டைபோல
கொஞ்சம் வானம்.

பவளம் அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கிவிடுவாள்:
தின்சாரின் பள்ளிக்கூடப் பச்சை லுங்கி,
மிளகாய்த் தட்டு,
நனைந்த மெத்தையின் ஒரு ஓரம்
(மறு ஓரம் நாளைக்கு),
தவணையில் வாங்கிய சோலார் பலகை.
தினம் ஆறு மணி நேரம் வெயில் காட்டுங்கள் என்றான்
அதை விற்ற பையன்.
நான் சிரிக்கவில்லை.
நானும் விற்கிறவன்தான்.

தரகன். ப்வேசா என்பார்கள் இங்கே.
பன்னிரண்டு மாடியில் ஒன்பது வீடு
என் வாயால் கைமாறியது.
எட்டாவது மாடியில் டோ நுவே நுவே யீ
சன்னல் கண்ணாடியைத் தொட்டுக் கேட்டார்:
"இந்த வெளிச்சம் நிற்குமா?"

எதிரே அப்போது காலி மனை.
ஒரு கொய்யா மரம், அதன் கீழே ஒரு நாய்,
சுற்றித் தகர வேலி.
வேலியில் ஒட்டியிருந்த வரைபடத்தை
நான் முதல் நாளே படித்திருந்தேன்.
"பத்திரத்தில் எழுதாத குறைதான், அம்மா" என்றேன்.
பொய்யென்று சொல்ல முடியாது.
அன்றைக்கு வெளிச்சம் இருந்தது.
இரண்டு சதவீதம் வாங்கிக்கொண்டேன்.

பிறகு மனையில் கம்பி முளைத்தது.
ஒவ்வொரு தளம் அங்கே ஏற ஏற
இங்கே எங்கள் படிக்கட்டில்
நிழலும் ஒரு மாடி ஏறியது.
முதலில் கீழே வெற்றிலைக்கடை கோ தெய்ன்
நடுப்பகலில் பாட்டரி விளக்கு வைத்தான்.
அப்புறம் இரண்டாம் மாடி வயலெட்
ஊசியில் நூல் கோக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள்.
அடுத்த மழைக்காலம்
அவளும் நாங்களும் சேர்ந்து
ஆறாம் மாடிக்குப் போனோம், நூல் கோக்க.

கரண்ட் அதன் இஷ்டத்துக்கு வரும்.
வந்ததும் "மீ லா ப்யீ!" என்று
தெருவே ஒரே குரலாய்க் கூவும்.
வெயிலுக்கு யாரும் கூவுவதில்லை.
அது போவதை
யாரும் அணைத்ததாகவும் தெரிவதில்லை.

போன வாரம் டோ நுவே நுவே யீ கூப்பிட்டார்.
திட்டுவார் என்று நினைத்தேன்.
தேநீர் ஊற்றினார். லா ப்பெ வைத்தார்.
மகனிடம், மாண்டலேக்கே போய்விடப் போகிறாராம்.
"விற்றுக் கொடு" என்றார்.
செருப்பு மாட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல்,
"பதினொன்றேகாலுக்குக் கூட்டி வா.
அதற்கு முன்னால் வேண்டாம்."

மோல்மீனிலிருந்து வந்தார்கள் இருவரும்.
கல்யாணமாகி நான்கு மாதம்.
லிஃப்ட் ஓடவில்லை; எட்டு மாடி நடந்தோம்.
இருண்ட தாழ்வாரத்தில் என் கைபேசி வெளிச்சம்,
சாவித் துவாரம், கதவு,
கதவைத் திறந்ததும்
தரையெல்லாம் மஞ்சள்.
அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை.
செருப்பில்லாத ஒரு காலை அதில் வைத்தாள்,
தண்ணீரில் சூடு பார்க்கிறவள்போல.
பிறகு மறு காலை.

கீழே, சந்துக்கு அந்தப் புறம்
எங்கள் பால்கனி தெரிந்தது.
பவளம் மெத்தையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
மறு ஓரம்.
நிமிர்ந்தவள் கையை உயர்த்தினாள்.
என்னைக் கண்டுதானா,
கண் கூசியா, தெரியவில்லை.

"சாயங்காலமும் இப்படித்தானா?"
கேட்டது அந்தப் பெண்.
சன்னல் கண்ணாடிமேல் அவள் விரல்,
அதே இடத்தில்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
பதினொன்று முப்பத்தைந்து.
பதில் சொல்ல இன்னும்
இரண்டு நிமிடம் இருந்தது.