தலையை அசைக்காதீர்கள்

ஈகா நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில்
எங்கள் ஸ்கேன் சென்டர்.
இரவு ஷிப்டில் நானும் ஏசியும்
சுவரில் ஒரு படமும்.

டாக்டர் எங்கோ வாங்கி மாட்டியது.
ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய மண்டை, பக்கவாட்டில்.
உள்ளே மூன்று வட்டங்கள் வரிசையாய்,
புரசைவாக்கத்தில் நான் குடியிருக்கும்
ரயில்பெட்டி வீடு மாதிரியே.

முன்னறையில்
கண்ணும் காதும் கொண்டுவந்து கொட்டியதெல்லாம்
உருவமாய்க் காய்கிறது.
நடு அறையில் புத்தி உட்கார்ந்து
வேண்டியது வேண்டாதது பிரிக்கிறது.
பின்னறையில் ஞாபகம்.
இந்த இரண்டுக்கும் நடுவே கதவில்லை,
ஒரு புழு.
தலை நிமிர்ந்தால் சுருங்கி வழிவிடும்,
குனிந்தால் நீண்டு அடைத்துக்கொள்ளும்.
அதனால்தான் ஞாபகம் தேடுகிறவன் அண்ணாந்து பார்க்கிறான்,
யோசிக்கிறவன் குனிந்துகொள்கிறான்
என்று நம்பினார்களாம்.

சிரித்தேன்.
பிறகு கவுண்டரில் கவனித்தேன்:
பிறந்த தேதி கேட்டால்
பத்தில் ஏழு பேர் ஃபேனைப் பார்க்கிறார்கள்.

இன்னும் சொன்னார் டாக்டர்,
டீ ஆறுவதற்குள்.
நமக்கு வாதம் பித்தம் கபம்,
அவர்களுக்கு நாலு.
நாலாவது கரும்பித்தம்.
அது ஏறினால் துக்கம், தனிமை, சிலருக்குக் கவிதை.
அனுப்பி வைப்பது சனி.
அங்கேயும் சனிதானா டாக்டர்?
அங்கேயும் சனிதான்.
இரத்தத்தைக் காய்ச்சி வடித்து
கடைசியில் மிஞ்சும் ஆவியால்
மனம் ஓடுகிறது என்றார்கள்.
நான் என்பது பூட்டிய பெட்டி இல்லை,
நட்சத்திரமும் ஈரக்காற்றும் நேற்றுத் தின்ற மாட்டுக்கறியும்
உள்ளே போய் வரும் ஓட்டைப் பாத்திரம்.

பதினொன்றேகாலுக்கு வந்தார் ரொசாரியோ.
எண்பத்திரண்டு.
துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளார்க்காக இருந்தவர்.
கூட வந்த அம்மாளிடம்
வாட்ச், பெல்ட், மேல்வரிசைப் பல்செட்
பாலித்தீன் பையில் ஒப்படைத்தார்.
பையை வாங்கியவள் யார் என்று
அவருக்குத் தெரியவில்லை.
மரியாதையாக நன்றி சொன்னார்.

தலைக்கு மேல் கூண்டைப் பூட்டினேன்.
இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்தேன்.
இருபத்திரண்டு நிமிஷம் சார்,
தலையை அசைக்காதீங்க.

சொன்ன பிறகுதான் உறைத்தது.
நிமிரவும் முடியாது குனியவும் முடியாது.
அந்தப் படம் சொல்வது உண்மையானால்
இப்போது அந்தப் புழு
பாதி திறந்து பாதி மூடி
நின்றபடி நிற்கிறது.
ஞாபகமும் இல்லாமல் யோசனையும் இல்லாமல்
முன்னறையில் மட்டும்
டக் டக் டக் என்று
யாரோ தகரத்தை அடிக்கிறார்கள்.
நான் என்று எதைச் சொல்வார்
அந்தக் குழாய்க்குள் கிடக்கிறவர்?

திரையில் அவர் மூளை
துண்டு துண்டாய் வந்தது.
அறைகள் பெரிதாகியிருந்தன.
சாமான் எடுத்த வீடு போல.
சிறுமூளையின் நடுவில் இருப்பதற்கு
இன்றைக்கும் புழு என்றுதான் பெயர்.
வேலை வேறு.
நாம் கால் தடுமாறாமல் நிற்க
அதுதான் பார்த்துக்கொள்கிறது.

வெளியே வந்து உட்கார்ந்தவரிடம்
படிவத்தில் விட்டுப்போன கட்டத்தைக் கேட்டேன்:
உடன் வந்திருப்பவர் பெயர்?
மெல்ல அண்ணாந்தார்.
டியூப்லைட், சிலந்திக்கூடு, ஏசி கசிந்த கறை.
தொண்டை ஏறி இறங்கியது.
"இராவதி" என்றார்.

பாட்டரி தீர்ந்த போனைத் தட்டிக்கொண்டிருந்த அம்மாள்
அப்படியே நிறுத்தினாள்.
"அது கப்பல் பேரு," என்றாள்.
"ரங்கூன்லேர்ந்து அதுலதான் வந்தோம்.
எனக்கு அப்ப பதினாலு.
இறங்கின சனத்தை எண்ணி எழுதினது
இவருதான்."

அவர் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்,
வேறு எதுவோ
வாசலில் முட்டிக்கொண்டிருப்பது போல.

அம்மாள் பேனாவை வாங்கி
கட்டத்தில் தானே எழுதினாள்:
பவுனம்மாள்.
பல்செட்டை டிஷ்யூவில் துடைத்து நீட்டினாள்.
அவர் மறுபடி
நன்றி சொன்னார்.