சாய்ப்புச் சாவி

பிறையில், விடிகாலை மூன்று பத்துக்கு
பம்பு நின்றது.
மேல்தொட்டி தன் எடையாலேயே இறங்கிப்
பதினொரு நிமிடத் தண்ணீர் தரும்.
ஒன்பதாவதில் சுவர்க்குழாய் விரிந்து
உலைக்குள் ஒழுகியது.

மின்சாரத்தை வெட்டினேன். வால்வை மூடினேன்.
உருகிய இரும்பின் மேல் கிடக்கும் நீர்
கத்திவிட்டுப் போய்விடும்.
அடியில் அகப்பட்ட நீர்
கூரையைக் கேட்கும்.

போனில் மேனேஜர்:
"நாப்பது டன் உறைஞ்சிடும்லா,
சாய்ச்சு ஊத்து, குணவதி!"
சாவியை உருவிக் காற்சட்டைப் பையில் போட்டேன்.
தொடையில் சுட்டது.

வேலிக்கு வெளியே
ரஃபிகுல் தலைகளை இரண்டு தடவை எண்ணினான்.
"எவ்ளோ நேரம், அக்கா?"
ஆவி நிக்கிற வரைக்கும்.

பட்டர்வொர்த்தில் முதல் ஃபெரி ஊதியபோது
ஆவி நின்றிருந்தது.
எல்லாரும் என் பையைப் பார்த்தார்கள்.
இன்னும் அரை மணி, என்றேன்.