பறிமுதல் பட்டியலில் இல்லாதது

வி.எச்.எஃப். செட் ஒன்று, கருப்பு, பக்கவாட்டில் கீறல்.
ஏரியல் வயர் பதினாறு அடி.
பழைய படகு பேட்டரி ஒன்று.
சாட்சிக் கையெழுத்து: ஐஸ் பிளான்ட் கணக்கர் சேசுவடியான்.
எல்லாம் சரிதான் ஐயா.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தேன்,
அதை எழுதிக்கொள்ளுங்கள்.
அடுத்த வரிதான் இடிக்கிறது:
'பிறர் பேச்சை இடைமறித்துக் கேட்டது.'

நான் எதையும் மறிக்கவில்லை.
மறித்திருந்தால் அந்தப் பேச்சு
போக வேண்டிய படகுக்குப் போயிருக்காது.
போனது. போகிற வழியில்
பாம்பன் தெற்குவாடியில் என் ஓட்டையும் நனைத்துவிட்டுப் போனது.
அடுத்த வீட்டுக் கணவாய்க் குழம்பு
சுவரேறி வந்தால்
மூக்கின் மேல் வழக்கு உண்டா?

சிரிக்கிறீர்கள். ஏட்டு இதை எழுதவில்லை.

டோக்கன் வாங்கிப் போன படகு
விடியுமட்டும் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று
கரையில் கிடப்பவளுக்கு யார் சொல்வார்?
'வலை ஏறுது', 'இறால் இல்லடா, வெறும் சங்காயம்',
இதற்குள் எங்காவது ஒரு இருமல்,
என் வீட்டுக்காரர் இருமல்.
அதற்காகத் திருகினேன்.
திருகுகிற விரலுக்கு
எந்தக் குரல் யார் வீட்டுது என்று தெரியாது.

ஒரு சனி விடியல், மணி மூன்று.
கச்சான் இரைச்சலுக்கு நடுவில்
கஸ்பார் குரல், கூட்டாளியிடம்:
'தெல்மா தாலிக்கொடிய அடகு வைக்கலடா.
வித்துட்டேன். அவளுக்குத் தெரியாது.'

தண்ணிக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்துப்
பேசுகிற குரல் அது.
எனக்குக் கூசியது.
பட்டனை அழுத்தி
'கஸ்பார், கரைக்குக் கேக்குது' என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது.
அந்த மூன்று சொல்லைப் பிடித்துத்தான்
என் வீட்டுக்கு வந்தீர்கள்.
அப்படியென்றால் அந்நேரம் நீங்களும்
கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.
உங்களுக்கு உத்தரவு உண்டு. சரி.
உத்தரவு இருந்தால் கூசாதா ஐயா?
சும்மா கேட்கிறேன். இதை எழுத வேண்டாம்.

அன்று காலை ஏலக் கொட்டகையில்
என் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு பிரித்தாள் தெல்மா.
கழுத்தில் மஞ்சக்கயிறு, உப்பில் வெளிறி.
'தடைக்காலத்துக்கு முந்தி மீட்டுருவாராம்' என்றாள்.
'ஆமா' என்றேன்.

காதில் விழுந்ததற்கு
ஆயிரம் காரணம் சொல்வேன்.
அந்த 'ஆமா'வுக்கு
உங்கள் புத்தகத்தில் பிரிவு இருக்கிறதா?

இருந்தால் அதைப் போடுங்கள்.
தேடுங்கள், நேரம் இருக்கிறது.

சரி, கையெழுத்துப் போடுகிறேன்: ஜெனோவா.
போடுமுன் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும்,
அதுதான் முறை என்கிறீர்கள்.

மெதுவாக வாசியுங்கள் ஐயா.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
எனக்கு டீ வாங்கி வைத்துக்கொண்டு
காலையிலிருந்து நிற்கிறாள்
தெல்மா.