விசை மூடும் முன்

பிஸ்மார்க்கில் பிப்ரவரி.
கார்க் கதவுகள் உறைந்து திறக்க மறுத்த காலை.
பதினேழாவது வருடமாக நான்
வாக்குப் பலகையின் விசைமேசையில்.
பச்சை ஆம். சிவப்பு இல்லை.
எனக்கு விளக்கு கிடையாது.

மேல்மாடத்தில் டெல்மார் வெட்ஷ்,
மடியில் தொப்பி.
தானியக் குதிர்களுக்குப் பற்றுவைப்பவர்.
நாற்பத்தோராயிரம் டாலர் பாக்கி;
நீதிமன்றத் தீர்ப்பு சட்டைப்பையில்
நான்காக மடித்து.

கடன்காரன் என்கிறோம்.
கொடுத்தவனா வாங்கியவனா,
சொல்லில் தெரியாது.
பூட்ஸைப் பார்த்தால் தெரியும்.

பன்னிரண்டு பக்க மசோதா.
பங்காளியின் கடனுக்குக் கம்பெனியைத் தொடக்கூடாது.
லாபம் பிரித்தால், அவன் பங்கு வரும்போது
வழியில் நின்று வாங்கிக்கொள்ளலாம்.
அதுவே ஒரே பரிகாரம்.
அந்த 'ஒரே'யை அடிக்கச் சொல்லி
இன்று ஒரு திருத்தம்.

குழுவில் டெல்மார் சொன்னது என் குறிப்பில் இருக்கிறது:
"மாட்டை நான் கேட்கவில்லை.
பாலில் பங்கு என்றீர்கள், சரி.
கறக்கிற கை அவனுடையது.
அவன் கறக்கவே மாட்டேன் என்றால்?"
மூன்று நிமிடம் முடிந்தது என்றார் தலைவர்.

மார்லிஸ் குன்ட்ஸ் எழுந்தார்:
"அண்ணன் சூதாடித் தோற்றதற்கு
தம்பி ஓட்டுகிற டிராக்டரை ஏலம் விடுவதா?"
அதுவும் நியாயமாகத்தான் பட்டது.
எனக்கு எல்லாமே நியாயமாகப் படும்,
மேசை அப்படி.

விசையைத் திறந்தேன்.
பலகையில் தொண்ணூற்று நான்கு பெயர்கள்.
ஆர்டல் ட்வைட்,
டெல்மாரின் வேலிக்கு அடுத்த வேலி,
குழுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டவர்,
பச்சை.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு விநாடி.
பிறகு சிவப்பு.
மூடினேன்.

ஆம் முப்பத்தொன்று. இல்லை அறுபத்திரண்டு.
ஒருவர் ஜேம்ஸ்டவுன் பக்கம் பனியில்.
அந்த ஒரு விளக்கு பச்சையாகவே இருந்திருந்தாலும்
'ஒரே' அப்படியேதான் இருந்திருக்கும்.
பின் ஏன் மாற்றினார்?
இரண்டு இரவாக இதையே யோசிக்கிறேன்.

அன்று படிக்கட்டில்
ஆர்டல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்,
டெல்மார் வெளியே போக.
குளிர்தான் உள்ளே வந்தது.
டெல்மார் என் பக்கம் திரும்பினார்:
"நடுவில் யார் மாற்றினார்கள் என்று
மெஷின் எழுதிவைக்குமா?"

இல்லை என்றேன்.
பொய் இல்லை.
கேட்டது மெஷினைப் பற்றி.