தண்ணி லாரி வராத நாள்

ஆறு இறங்கி இரண்டு நாளாயிற்று.
தெரு இறங்கவில்லை.

ஜாபர்கான்பேட்டையில்
கரைக்கு அந்தப் பக்கம் அடையாறு
ஓர் ஆள் ஆழம் கீழே போய்
தெர்மோகோலும் ஆகாயத்தாமரையுமாக
ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.
இந்தப் பக்கம்
தையல் மெஷின் பெடலுக்கு மேல் தண்ணீர்.
அரிசி டின் கட்டில்மேல், கட்டில் செங்கல்மேல்,
செங்கல் எதன்மேல் என்று யாரும் கேட்கவில்லை.

ஆற்றைத் தடுக்கப் போட்ட கரை
மழையைப் பிடித்து வைத்திருந்தது.
எது உள்ளே எது வெளியே என்று
அதற்கு யார் சொன்னார்கள்?

வடிகாலின் இரும்புக் கதவு துருவேறி இறுகிக் கிடந்தது.
சாவி வைத்திருந்தவர் மாற்றலாகிப் போயிருந்தார்.
அவர் நம்பர் இருந்த போன்
தண்ணீருக்குள் இருந்தது.

கன்னியப்பன் கடப்பாரையோடு ஏறினான்.
குத்திய இடமெல்லாம் கையைத் திருப்பி அடித்தது கரை.
அப்போதுதான் ஏகவல்லி
புடவையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு
விளக்குக் கம்பத்திலிருந்து பதினொரு தப்படி எண்ணி
நின்றாள்.
"இங்க வெட்டு."

மூன்று வருஷத்துக்கு முன்
இந்தக் கரைக்கு மண் சுமந்தவள்.
ஒரு புதன்கிழமை தண்ணி லாரி வரவில்லை.
ஈரமில்லாமல் ரோலர் ஓட்டினால் மண் சேராது என்று
அவளுக்குத் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும்.
"ஓட்டுப்பா, மேல புல்லு மொளச்சா எல்லாம் ஒண்ணுதான்."
ஓட்டினார்கள்.
புல்லும் முளைத்தது.
அதற்கு நேர் கீழே அவள் வீடு.
மூன்று மழைக்காலம்
அந்த ஏழடிப் புழுதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு
தூங்காமல் படுத்திருந்தாள்.
ஏனோ ஆறு அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை.

மாவில் இறங்குவது போல இறங்கியது மண்வெட்டி.

முதலில் ஒரு நூல்.
பிறகு ஒரு வாய்க்கால்.
பிறகு செருப்புகள், குக்கர் மூடி,
யாரோ ஒரு பிள்ளையின் இடதுகால் ஷூ.
விடியும்போது தெருவுக்குத் தரை கிடைத்தது.

பத்து மணிக்கு ஜீப் வந்தது.
"யார் வெட்டினது?"
"ஆறு சார்."
"ஆறு அந்தப் பக்கம். வெட்டு இந்தப் பக்கத்துலேர்ந்து விழுந்திருக்கு."
யாரும் வாய் திறக்கவில்லை.
ஒரு நாய் மட்டும் கரையேறி
உடைப்பின் ஓரத்தை மோந்துவிட்டுக்
காலைத் தூக்கியது.

மறு வாரம் அடைப்பு வேலைக்கு ஆள் எடுத்தார்கள்.
பெண்ணாளுக்கு நானூற்றைம்பது.
சும்மாடு சுற்றிக்கொண்டு போய் நின்ற ஏகவல்லி
கூடையைத் தொடுமுன் கேட்டாள்,
"தண்ணி லாரி வந்துச்சா?"

வந்திருந்தது.
பாதி.